பிள்ளை ஸ்குவாஷ் நல்லா ஆடுது: கிளப்லயே விடலாமா, அகாடமிக்கு மாத்தலாமா, தனி கோச் வைக்கலாமா?

ஒவ்வொரு ஜூனியர் டோர்னமெண்ட் முடிஞ்சதும் பெத்தவங்க கேக்கற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான். "பையன் அண்டர் 13ல ரெண்டாவது ரவுண்டைத் தாண்ட மாட்டேங்கிறான், கிளப் கோச் போதுமா, அகாடமிக்கு மாத்திடலாமா?" இல்லன்னா, "பொண்ணு ரேங்கிங் நகரவே மாட்டேங்குது, தனியா ஒரு கோச் போட்டா ஏறுமா?" கேக்கறவங்கள்ல பல பேர் ஸ்குவாஷ், அதாவது நாலு சுவருக்குள்ள ராக்கெட்டால பந்தைச் சுவத்துல அடிச்சு ஆடற ஆட்டம், ஆடிப் பழக்கமில்லாதவங்க, அதனால பக்கத்துல உக்காந்திருக்கற இன்னொரு பையனோட அப்பா என்ன சொல்றாரோ அதையே நம்பி பணத்தைக் கட்டிடறாங்க. அதுக்குத்தான் இதை உக்காந்து எழுதறேன். சென்னையை வச்சு எழுதறேன், எனக்கு நல்லா தெரிஞ்ச ஊர் அதுதான்.

சென்னைல இந்தக் குழப்பம் அதிகமா இருக்கறதுக்குக் காரணமும் இருக்கு. இந்தியாவுக்கு ஸ்குவாஷ் ஆடின ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பல்லிக்கல் ரெண்டு பேரும் இந்த ஊர்ப் பொண்ணுங்க. அபய் சிங் இந்த ஊர்ப் பையன், 2023 ஹாங்சோ ஏசியன் கேம்ஸ் டீம் ஃபைனல்ல பாகிஸ்தானுக்கு எதிரா ரெண்டு மேட்ச் பாயிண்ட்டைக் காப்பாத்தி அஞ்சாவது கேமை 12-10ன்னு முடிச்சு தங்கம் வாங்கிக் குடுத்தவர். எக்ஸ்பிரஸ் அவென்யூ மால்ல கண்ணாடி கோர்ட் போட்டு வேர்ல்ட் கப் நடத்துனாங்க, 2025 டிசம்பர்ல நடந்ததுல இந்தியாவே ஜெயிச்சுது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்லயும் முதல் தடவையா ஸ்குவாஷ் வருது. இதெல்லாம் கண்ணு முன்னாடி நடக்கும்போது நம்ம பிள்ளையும் அங்க வரணும்னு ஆசைப்படறது ரொம்ப நியாயம். ஆனா 11 வயசுப் பிள்ளைக்கு எந்தக் கோச்சிங்னு முடிவு பண்றதுக்கு இந்த ஆசை உதவாது, வேற சில விஷயத்தைப் பாக்கணும்.

எதை வச்சு முடிவு பண்றது

முதல் விஷயம், பிள்ளை நிஜமா எவ்வளவு நேரம் பந்து அடிக்குது. மாசம் இவ்வளவு ஃபீஸ், வாரம் மூணு நாள், ஒரு செஷன் ஒன்றரை மணி நேரம்னு சொல்லுவாங்க. ஒரு கோர்ட்ல ஆறு பிள்ளைங்க, ஒரு நேரத்துல ரெண்டு பேர்தான் உள்ள ஆட முடியும்னா அந்த 90 நிமிஷத்துல உங்க பிள்ளைக்கு வர்றது 30 நிமிஷம். வாரத்துக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம். மீதி நேரம் வெளிய ஸ்கிப்பிங், ஓட்டம், பெஞ்சுல உக்காந்து அரட்டை. ஃபீஸை கோர்ட்டுக்குள்ள நிக்கற நேரத்தால வகுத்துப் பாருங்க, மலிவுன்னு நெனச்சது மலிவா இருக்காது, விலை அதிகம்னு நெனச்சது சில சமயம் பரவாயில்லன்னு தோணும்.

ரெண்டாவது, யார் கூட ஆடுது. என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட இதுதான் பெருசு. தன்னை விடக் கொஞ்சம் நல்லா ஆடறவங்க, தனக்குச் சமமா ஆடறவங்க, தன்கிட்ட தோக்கறவங்க, மூணு வகையும் வேணும். ஜெயிக்கவே வாய்ப்பில்லாத எடத்துல தினமும் 11-2ன்னு அடி வாங்குற பிள்ளையும் வளராது, எல்லாரையும் சுலபமா அடிச்சிட்டுப் போற பிள்ளையும் வளராது.

மூணாவது, மேட்சை யார் பாக்கறாங்க. பிராக்டிஸ்ல பிரமாதமா அடிக்கற பிள்ளை மேட்ச்ல 8-8ல என்ன பண்ணுதுன்னு கோச் கண்ணால பாக்கலன்னா அவர் எதைத் திருத்துவார்? கேமுக்கு நடுவுல கிடைக்கற ஒண்ணரை ரெண்டு நிமிஷத்துல ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்ற ஆள் இருக்காரான்னு பாருங்க. பல வீட்டுல அந்த வேலையை அப்பா பண்றார், "ஃபோகஸ் பண்ணு, ஃபோகஸ் பண்ணு"ன்னு. அதுல பிள்ளைக்கு ஒண்ணும் கிடைக்காது.

நாலாவது பணமும் நேரமும். ஃபீஸ் மட்டும் இல்ல, ரயில் டிக்கெட், ரூம், கூட வர்ற அம்மாவோட லீவு, ஸ்கூல் அட்டெண்டன்ஸ் எல்லாம் சேத்துதான்.

ரேங்கிங்கை எப்படிப் படிக்கறது

மாத்தணும்னு நினைக்கற முக்காவாசிப் பேர் ரேங்கிங் நம்பரைப் பாத்துட்டுதான் அந்த முடிவுக்கு வர்றாங்க, அதனால இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன்.

ரேங்கிங்ங்கறது பொதுவா போன ஒரு வருஷத்துல ஆடின போட்டிகள்ல சேத்த பாயிண்ட். பெரிய போட்டிக்கு அதிகம், சின்ன போட்டிக்குக் கம்மி. அப்போ மும்பை, டெல்லின்னு எல்லா ரேங்கிங் டோர்னமெண்ட்டுக்கும் போற பிள்ளைக்கும், பரீட்சை இருக்குன்னு வருஷத்துக்கு மூணு நாலு மட்டும் ஆடற பிள்ளைக்கும் நம்பர்ல பெரிய இடைவெளி இருக்கும், ஆட்டத்துல அவ்வளவு இருக்காது. ரேங்கிங்ல தனக்கு மேல இருக்கறவங்களை உங்க பிள்ளை நேர்ல அடிச்சிருக்கான்னு பாருங்க, அதுல தெரியும்.

அடுத்தது வயசு. ஏஜ் குரூப் 11, 13, 15, 17, 19ன்னு ரெண்டு ரெண்டு வருஷமா போகுது. பெரும்பாலான எடத்துல போட்டி நடக்கற தேதியை வச்சுதான் வயசு பாக்கறாங்க, கட்ஆஃப் மாறலாம்ங்கறதால பிராஸ்பெக்டஸ்ல ஒருதடவை பாத்துக்கோங்க. இதனால என்ன ஆகுதுன்னா 13 வயசு நெருங்கும்போது அண்டர் 13ல உங்க பிள்ளைதான் உயரம், வேகம் எல்லாத்துலயும் பெரியவன், நம்பர் மேல ஏறும். பிறந்தநாள் வந்த மறுவாரம் அண்டர் 15ல அவன்தான் பொடியன், எதிர்ல நிக்கறவனுக்கு மீசை அரும்பியிருக்கும், ரிசல்ட் அப்படியே விழும். அந்த நேரத்துல பதறிப்போய் கோச்சை மாத்தற பெத்தவங்களை நான் நெறைய பாத்திருக்கேன், பாவம் அந்தக் கோச் ஒண்ணும் தப்பு பண்ணியிருக்க மாட்டார். ஏஜ் குரூப் மாறி எட்டு ஒன்பது மாசம் ஆகற வரைக்கும் ரேங்கிங்கை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க.

அப்புறம் டிராவோட அளவு, அதாவது ஒரு போட்டில மொத்தம் எத்தனை பேர் ஆடறாங்கங்கறது. 64 பேர் டிராவுல கடைசி 16க்கு வந்திருந்தா ரெண்டு மேட்ச் ஜெயிச்சிருக்கணும். 16 பேர் டிராவுல குவார்ட்டர் ஃபைனல் வர ஒரே ஒரு மேட்ச் போதும், பை (முதல் ரவுண்டு ஆடாமலே அடுத்ததுக்குப் போறது) கிடைச்சிருந்தா அதுகூட வேணாம். பொண்ணுங்க டிரா பல போட்டில சின்னதா இருக்கும். அதனால "குவார்ட்டர் ஃபைனலிஸ்ட்"னு சொல்றதுக்குப் பின்னாடி யாரை ஜெயிச்சுதுன்னு பாக்கணும்.

ஸ்கோரைப் பாத்தாலே நெறைய தெரியும். உதாரணத்துக்கு மூணு தோல்வியை எடுத்துக்கலாம். 11-9, 11-8, 6-11, 5-11, 3-11ன்னு தோத்திருந்தா பெரும்பாலும் கால்ல தெம்பு இல்ல, இல்லன்னா எதிராளி ஆட்டத்தை மாத்தினதும் இவன்கிட்ட ரெண்டாவது பிளான் இல்ல. 10-12, 9-11, 10-12ன்னா ஆட்டம் சரியா இருக்கு, கடைசி ரெண்டு பாயிண்ட்ல அவசரப்படறான், 9-9ல டிராப் (முன்சுவர் பக்கத்துலயே மெதுவா விழ வைக்கற அடி) போட்டு டின்ல, அதாவது முன்சுவருக்கு அடில இருக்கற தகட்டுல, அடிச்சிருப்பான். 3-11, 4-11, 3-11ன்னா அடிப்படையே இன்னும் வேணும், பந்து பேக் கார்னர் வரைக்கும் போகாம நடுவுல விழுந்திருக்கும், எதிராளி கோர்ட் நடுவுல 'T' கோடு இருக்கற எடத்தை விட்டு நகராமலே ஜெயிச்சிருப்பான். இந்த மூணுக்கும் மருந்து வேற வேற. முதலாவதுக்கு அதிக நாள் பயிற்சியும் விதவிதமான எதிராளிங்களும் வேணும், ரெண்டாவதுக்கு அதிக மேட்ச், மூணாவதுக்குத் தனியா உக்காந்து டெக்னிக்கைச் சரிபண்ற ஆள். கடைசியா ஆடின ஒரு பத்துப் பதினஞ்சு மேட்ச் ஸ்கோரை ஒரு நோட்டுல எழுதிப் பாத்துட்டு, அப்புறம் கீழ இருக்கறதைப் படிங்க.

கிளப் குரூப் கோச்சிங்

மெம்பரா இருக்கற வீட்டுக்கு இதுதான் சுலபம். வீட்டுக்குப் பக்கம், தெரிஞ்ச கோச், ஸ்கூல் முடிஞ்சு ஆறு மணிக்குப் போய் எட்டு மணிக்குள்ள சாப்பாட்டுக்கு வந்துடலாம். தொடங்கறதுக்கு இதைவிட நல்ல எடம் இல்ல. ஜோஷ்னாவே மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்ல தொடங்கினவங்கதான், அவங்க அப்பாவே ஸ்குவாஷ் ஆடினவர்ங்கறது கூடுதல் பலம்.

கிளப்ல ஒரு பெரிய நன்மையை யாரும் கணக்குல எடுத்துக்கறதில்ல. சாயந்தரம் ஆடவர்ற பெரியவங்க. 45 வயசு அங்கிள் ஒருத்தர் ஓட மாட்டார், ஆனா லாப் (உயரமா தூக்கிப் பின்னாடி போடறது), டிராப், போஸ்ட் (பக்கச் சுவர்ல பட்டு முன்சுவருக்குப் போறது)னு பிள்ளையை நாலு மூலைக்கும் ஓட விடுவார். வேகத்தை மட்டும் நம்பற பிள்ளைக்கு அது பெரிய பாடம், அதுக்குக் காசும் கிடையாது. கோச்கிட்ட சொல்லி வாரத்துக்கு ஒரு நாள் அப்படி ஆட ஏற்பாடு பண்ணிக்கோங்க.

குறைன்னா, ஒரே நாலு பேர் கூட வருஷக்கணக்கா ஆடறது. அவன் எந்தப் பக்கம் அடிப்பான்னு இவனுக்குத் தெரியும், இவன் எங்க நிப்பான்னு அவனுக்குத் தெரியும், மாசக் கடைசி கிளப் லேடர்ல (கிளப்புக்குள்ள போடற வரிசைல) முதல் எடம், வெளிய போனா முதல் ரவுண்டுல அவுட். மெம்பர்ஸ் வர்ற நேரத்துல ஜூனியர்ஸைக் கோர்ட்டை விட்டு எறக்கி விடறதும் உண்டு. புதுசா மெம்பர்ஷிப் வாங்கி இதுக்காகச் சேரணும்னா அந்தச் செலவு மத்த எல்லாத்தையும் தாண்டிடும், அப்படிச் செய்ய வேண்டாம்.

சின்னப் பிள்ளைங்களா இருந்தா பந்தைக் கவனிங்க. நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி பந்து நல்லா எகிறும், ஒத்தை மஞ்சள் அதைவிடக் கம்மி, ரெட்டை மஞ்சள் ரொம்பக் கம்மி. ஸ்குவாஷ் பந்து அடிபட்டுச் சூடானாத்தான் எகிறும், 8 வயசுப் பிள்ளை கையில ரெட்டை மஞ்சளைக் குடுத்தா அதைச் சூடாக்கற அளவுக்கு அடிக்க வலு இருக்காது, பந்து செத்துப்போய்க் கிடக்கும், பிள்ளை எப்பவும் குனிஞ்சு தள்ளியே பழகிடும். அந்தப் பழக்கத்தை அப்புறம் எடுக்கறது பெரும்பாடு. இதைப் பாத்து பந்து குடுக்கற கோச் உங்க கிளப்ல இருந்தா அவரை விடாதீங்க.

அகாடமி

சென்னைல அகாடமின்னா எல்லாரும் சொல்றது நேரு பார்க்ல இருக்கற இந்தியன் ஸ்குவாஷ் அகாடமி. கொல்கத்தாலேருந்து சௌரவ் கோஷல் வந்து பயிற்சி எடுத்தது இங்கதான், 2004ல பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பன் அண்டர் 19ஐ ஜெயிச்ச முதல் இந்தியர் அவர், அடுத்த வருஷமே பொண்ணுங்க அண்டர் 19ஐ ஜோஷ்னா ஜெயிச்சாங்க. சேலத்துப் பையன் வேலவன் செந்தில்குமாரும் இங்க ஆடி வளர்ந்தவர்தான். 2018ல வேர்ல்ட் ஜூனியர் சாம்பியன்ஷிப் நம்ம ஊர்லயே நடந்துச்சு. இவ்வளவு பேர் வந்து போற எடத்துல பிள்ளைக்குக் கிடைக்கறதுல முக்கியமானது பக்கத்து கோர்ட்தான். தன் வயசு நேஷனல் பிளேயர் ஒருத்தன் காலைல அஞ்சரைக்கே வந்து தனியா சுவர் ஓரமா நூறு டிரைவ் (பின் மூலை வரைக்கும் நேரா போற அடி) அடிக்கறதைப் பாத்தா, வீட்டுல யாரும் எழுப்பாமலே நம்ம பிள்ளையும் எந்திரிக்கும்.

இங்க நான் அகாடமின்னு சொல்றது ஒரே கட்டடத்தை மட்டும் இல்ல, பல கோர்ட், பல கோச், ஃபிட்னஸுக்குத் தனி ஆள், வாரம் அஞ்சாறு நாள் பயிற்சின்னு நடத்தற எந்த எடமா இருந்தாலும் இதே கணக்குதான்.

வெளிய தெரியாத செலவு இங்கதான் அதிகம். முதல்ல தூரம். கோயம்பேடு, அண்ணா நகர் பக்கம்னா மெட்ரோல ஏறி நேரு பார்க் ஸ்டேஷன்லயே எறங்கிடலாம், கவலையில்ல. தாம்பரத்துலேருந்துன்னா எழும்பூர் வரைக்கும் லோக்கல் ட்ரெய்ன், அப்புறம் ஆட்டோ, போக வர ரெண்டரை மணி நேரம் சுலபமா போயிடும், ரெண்டு மணி நேரம் ஆடறதுக்கு. ஒரு மாசம் ஓடும், ரெண்டு மாசம் ஓடும், மூணாவது மாசம் பிள்ளை ட்ரெய்ன்லயே தூங்கி வழியும், ஹோம்வொர்க் பாக்கி நிக்கும், அம்மா ஆஃபீஸ்ல பர்மிஷன் கேட்டுக் கேட்டு அலுத்துடுவாங்க. அடுத்தது டோர்னமெண்ட். கூட ஆடற பிள்ளைங்க எல்லாம் போகும்போது நம்ம பிள்ளையை மட்டும் அனுப்பாம இருக்க மனசு வராது, உள்ளூர்ல ஆரம்பிச்சு ஏசியன் ஜூனியர் சூப்பர் சீரிஸ், மலேசியா, ஹாங்காங்னு லிஸ்ட் நீளும். இதை ஃபீஸ் கட்டற அன்னிக்கே யோசிச்சு, வருஷத்துக்கு இத்தனைதான்னு வீட்டுல பேசி வச்சுக்கணும்.

இன்னொண்ணு, கிளப்ல முதல் ஆளா இருந்த பிள்ளை அங்க போய் கடைசி கோர்ட்ல நிக்கும். மேல இருக்கற நாலஞ்சு பேர் மேலதான் தலைமைக் கோச்சோட கண்ணு இருக்கும், அது இயல்பு. உங்க பிள்ளைக்கு யார் கோச், அவர் வாரத்துக்கு எத்தனை நாள் அவனைப் பாப்பார், போட்டிக்கு யார் கூட வருவாங்கன்னு சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க. கேக்கறதுல தப்பே இல்ல.

தனி கோச்

ஒரு மணி நேரம், ஒரு பிள்ளை, ஒரு கோச். மேல சொன்ன மூணாவது வகைத் தோல்விக்கு இதுதான் சரியான மருந்து. கிரிப் தப்பு, ராக்கெட் தூக்கறது லேட்டு, பேக்ஹேண்ட்ல கால் திரும்பாம நிக்குது, இதெல்லாம் ஆறு பேர் நடுவுல திருத்த முடியாது. ஒரு நல்ல கோச் பந்தைக் கையில எடுத்து ஊட்டி ஊட்டி ஒரே ஷாட்டை அரைமணி நேரம் அடிக்க வச்சு மாத்திடுவார்.

ஆனா இதை மட்டுமே நம்பினா ஒரு ஆபத்து. கோச் பந்தைப் பிள்ளை அடிக்க வசதியாத்தான் போடுவார், மேட்ச்ல எவன் அப்படிப் போடுவான்? தனி கோச்சிங்லயே வளந்த பிள்ளைங்களோட டிரைவ் பாக்க அவ்வளவு அழகா இருக்கும், லெட்டா (பாயிண்ட்டைத் திரும்ப ஆடறது) ஸ்ட்ரோக்கான்னு (பாயிண்ட்டையே குடுத்துடறது) கேக்கற மாதிரி இடிச்சுக்கிட்டு ஆடற எதிராளி வந்தா திணறிப்போயிடும். கோர்ட் வாடகை தனி, கோச் ஃபீஸ் தனின்னு ரெண்டையும் சேத்துப் பாருங்க, சில பேர் ஃபீஸை மட்டும் சொல்லுவாங்க. கோச்சுக்கு உடம்பு சரியில்லன்னா அந்த வாரமே போச்சு. அதோட, கோச் சொல்றதை ரெண்டாவது ஆள் சரிபாக்க வழியே இல்ல, நல்லவர் கிடைச்சா அதிர்ஷ்டம்.

மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சா இப்படி:

| | கிளப் குரூப் | அகாடமி | தனி கோச் |
|---|---|---|---|
| பந்து அடிக்கற நேரம் | கம்மி, கூட்டத்தைப் பொறுத்து | அதிகம் | மணிக்கணக்குப்படி முழுசும் |
| கூட ஆட ஆள் | அதே நாலு பேர், கூடவே பெரியவங்க | நெறைய, எல்லா லெவலும் | யாரும் இல்ல |
| டெக்னிக் திருத்தம் | மேலோட்டமா | கோச்சைப் பொறுத்து | ரொம்ப நல்லா |
| மேட்சைப் பாக்க ஆள் | உள்ளூர்ல வருவார் | பெரிய போட்டிக்கு வருவாங்க, எல்லாருக்கும் இல்ல | தனியா பணம் குடுத்தா வருவார் |
| மறைஞ்சிருக்கற செலவு | மெம்பர்ஷிப், தேங்கிப்போறது | பயணம், படிப்பு, வெளியூர் போட்டி | கோர்ட் வாடகை, ஆட்டம் இல்லாத குறை |
| யாருக்குப் பொருத்தம் | 10 வயசு வரைக்கும், புதுசா வர்றவங்க | தானா கேக்கற 12 வயசுக்கு மேல | குறிப்பா ஒரு தப்பைத் திருத்தணும்னா |

எந்த வீட்டுக்கு எது

பிள்ளை 10 வயசுக்குக் கீழன்னா யோசிக்கவே வேண்டாம், கிளப்லயே விடுங்க. அந்த வயசுல நீச்சல், பேட்மிண்டன் எல்லாம் சேத்து ஆடட்டும், அனாஹத் சிங்கே முதல்ல பேட்மிண்டன் ஆடிட்டு அக்காவைப் பாத்து ஸ்குவாஷுக்கு வந்தவங்கதான். அவங்க டெல்லிப் பொண்ணு, 14 வயசுல 2022 காமன்வெல்த் கேம்ஸ் போயிட்டாங்க.

11, 12 வயசுல ஸ்டேட் லெவல்ல ரெண்டு ரவுண்டு ஜெயிச்சு நிக்கற பிள்ளைக்கு நான் சொல்றது கிளப் குரூப்போட வாரத்துக்கு ஒரு தனி செஷன். அதோட மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை வேற கிளப் பிள்ளைங்களை வரவழைச்சோ, இவன் அங்க போயோ மேட்ச் ஆடணும். பெத்தவங்க நாலு பேர் வாட்ஸ்அப்ல பேசி வச்சா போதும். அகாடமில கிடைக்கற பெரிய லாபம் விதவிதமான எதிராளிங்கதானே, அதுல பாதி இப்படியே கிடைச்சிடும், செலவு பெட்ரோல் மட்டும்தான். நான் பாத்தவரைக்கும் இந்த வயசுல பெரும்பாலான வீட்டுக்கு இதுதான் சரியா வருது.

அகாடமிக்கு எப்போ? மூணு விஷயம் சேந்து இருக்கணும். கிளப்ல இவனை ஜெயிக்க பிள்ளைங்க யாரும் இல்ல, நேஷனல் ரேங்கிங் போட்டில கடைசி 32, 16 பக்கம் வந்து நெருக்கமா தோக்கறான், அதைவிட முக்கியமா "நான் அங்க போறேன்"னு அவனே கேக்கறான். இந்த மூணாவது இல்லாம முதல் ரெண்டை மட்டும் வச்சு அனுப்பின பிள்ளைங்க 15 வயசுல ராக்கெட்டைத் தொடாமப் போனதைப் பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

அமெரிக்கக் காலேஜை மனசுல வச்சு ஆட வைக்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு. வேலவன் கொலம்பியா யுனிவர்சிட்டிக்கு ஆடினதைப் பாத்துட்டு நெறைய பேர் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைக்கும்னு நெனைக்கறாங்க. கொலம்பியா, ஹார்வர்ட் மாதிரி ஐவி லீக் காலேஜ் எதுவும் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் குடுக்கறதில்ல, வீட்டு வருமானத்தைப் பாத்துதான் உதவி பண்ணுவாங்க, மார்க்கும் வேணும். அதனால அகாடமிக்காகப் படிப்பைக் குறைச்சா அந்தக் கதவும் சேந்து சாத்திக்கும். அந்தத் திட்டம் இருக்கறவங்க 15 வயசுக்கு அப்புறம் வெளிநாட்டுப் போட்டிக்குச் செலவு பண்ணுங்க, அண்டர் 11க்காக ஃப்ளைட் ஏற வேண்டாம்.

வெளிநாடு போறதுக்கு முன்னாடி பந்தையும் யோசிச்சுக்கோங்க. நம்ம ஊர் வெக்கைல ஏசி இல்லாத கோர்ட்ல பந்து சூடாகி எகிறிக்கிட்டே இருக்கும், டிராப் போட்டாலும் எதிராளி ஓடி வந்து எடுத்துடுவான், அதனால நம்ம பிள்ளைங்க ஓடி ஓடி எடுத்தே ஜெயிக்கப் பழகியிருக்கும். பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பன் ஜனவரிக் குளிர்ல பர்மிங்காம்ல நடக்கும், அங்க பந்து சீக்கிரம் செத்துடும், முன்னாடி போடற எகிப்துப் பிள்ளைங்களோட டிராப் ரெண்டாவது பவுன்ஸ் ஆகறதுக்குள்ள எடுக்கவே முடியாது. போறதுக்கு முன்னாடி ஒரு மாசமாவது ஏசி கோர்ட்ல ஆட வைங்க.

மாத்தறதா இருந்தா

பள்ளிக்கூட வருஷத்து நடுவுல மாத்தாதீங்க, முழுப்பரீட்சை முடிஞ்சு ஏப்ரல், மே லீவுல ஒரு மாசம் அங்க அனுப்பிப் பாருங்க. முழு வருஷ ஃபீஸை முதல் நாளே கட்டச் சொன்னா மாசக்கணக்குல கட்டலாமான்னு கேளுங்க. அந்த ஒரு மாசத்துல ரேங்கிங் ஒண்ணும் மாறாது, பாக்க வேண்டியது ரெண்டுதான்: வீட்டுக்கு வந்து கோர்ட்ல நடந்ததைப் பத்திப் பேசுதா, காலைல எழுப்பும்போது முனகாம எந்திரிக்குதா.

புது எடத்துல என்ன சொல்லித் தர்றாங்கங்கறதோட போட்டில எப்படி நடந்துக்கணும்னு சொல்றாங்களான்னும் கவனிங்க. ஜூனியர் போட்டில பல எடத்துல தோத்த பிள்ளை அடுத்த மேட்சுக்கு மார்க்கரா உக்காந்து ஸ்கோர் எழுதணும். அஞ்சு கேம் போராடித் தோத்து அழுதுக்கிட்டே வந்த பிள்ளை முகம் கழுவிட்டு, பேனாவை எடுத்துக்கிட்டுப் போய் அடுத்த ரெண்டு பேருக்குச் சரியா ஸ்கோர் சொல்லுதுன்னா அதுக்குப் பின்னாடி ஒரு நல்ல கோச் இருக்கார்னு அர்த்தம். கண்ணாடி போட்டு ஆடச் சொல்றாங்களான்னும் பாருங்க, ஜூனியர்ஸுக்குக் கண் பாதுகாப்பு கட்டாயம், 24 கிராம் பந்து கண்குழிக்குள்ள சரியா போய் அடிக்கற அளவு. கண்ணாடி இல்லாமப் பிள்ளையை உள்ள விடற எடத்துக்கு எவ்வளவு பேர் இருந்தாலும் அனுப்பாதீங்க.

இப்போ இருக்கற கோச்கிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டு மாறுங்க, ஒரு நாள் வராம நின்னு, மத்தவங்க மூலமா அவருக்குத் தெரிய விடாதீங்க. உங்க பிள்ளையோட பேக்ஹேண்ட் எப்போலேருந்து இப்படி இருக்கு, எந்த முட்டில வலின்னு சொல்லும், எந்த மாதிரி எதிராளிகிட்ட பயப்படும், எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதை ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டுப் போய் புதுக் கோச்கிட்ட குடுத்தீங்கன்னா ஒரு சீசன் மிச்சம்.